பிரைபெய்ட் பெஞ்சமின்: அக்டோபர் சிப்பாயா, டிசம்பர் சிப்பாயா?

‘பிரைபெய்ட் பெஞ்சமின்’ என்ற பெயரில் வந்த நகைச்சுவைப் படங்களில், பிலிப்பீன்ஸ் திரையரங்குகளுக்கு ஒரே சிப்பாய் இரண்டு முறை சீருடை மாட்டிக்கொண்டு வந்தார். முதல் தடவை 2011 அக்டோபர் 26. அடுத்தது 2014 டிசம்பர் 25. இரண்டிலும் சிப்பாயாக நடித்தவர் நகைச்சுவை நட்சத்திரம் வைஸ் கண்டா, இயக்கியவர் வென் டெராமஸ், தயாரித்தவர்கள் ஸ்டார் சினிமாவும் விவா ஃபிலிம்ஸும். தயாரிப்புத் தரப்பின் கணக்குப்படி முதல் படம் சுமார் 33 கோடிப் பெசோ வசூலித்தது. 30 கோடியைத் தாண்டிய முதல் பிலிப்பினோ படம் அதுதான். இரண்டாவது 45 கோடியைத் தொட்டது.

நான் முதல் படத்தின் கட்சி. எதிர்த்தரப்பில் 12 கோடிப் பெசோ கூடுதலாக உட்கார்ந்திருக்கும்போது வெறும் ரசனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, காரணம் காட்டியாக வேண்டும்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். 1980இல் வந்த ‘பிரைவேட் பெஞ்சமின்’ என்ற அமெரிக்கப் படத்தின் பெயரை, பிலிப்பீன்ஸ் மொழியான டகாலோக்கின் உச்சரிப்பில் குறும்பாக எழுதினால் ‘பிரைபெய்ட் பெஞ்சமின்’. முதல் படத்தில் அதற்கு முன்னால் நின்ற அடைமொழி ‘அன்கபோகபிள்’. பக்லா என்பது தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களையும், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்களையும் ஒருசேரத் தழுவும் டகாலோக் சொல். மணிலாவின் பக்லாக்கள் தங்களுக்குள் புழங்கும் பேச்சில் ‘கபோக்’ என்றால் ஒருவரை மிஞ்சி ஓரங்கட்டுவது. அதற்கு முன்னும் பின்னும் ஆங்கில ஒட்டுகளைத் தைத்து, ‘எவராலும் மிஞ்ச முடியாத’ என்று ஒரு சொல்லைச் செய்திருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ள ஒரு தெருவையாவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் படத்தில் அந்த இடத்துக்கு ‘அமேசிங்’ வந்தது. அமெரிக்க சூப்பர் ஹீரோக்களின் சுவரொட்டியில் ஏற்கெனவே தேய்ந்த சொல் அது. மூன்று ஆண்டுகளில் படத்துக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சுவரொட்டியே சொல்லிவிட்டது.

பக்லா என்பது தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களையும், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்களையும் ஒருசேரத் தழுவும் டகாலோக் சொல். வைஸ் கண்டா பக்லாவாக வெளிப்படையாக வாழ்பவர். டகாலோக்கில் ‘சியா’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் பொது. நமக்கும் ‘அவர்’ இருப்பதால் இந்தக் கட்டுரையில் எனக்குச் சங்கடமில்லை. பிலிப்பினோ நகைச்சுவையில் பக்லா பாத்திரம் புதிதல்ல. 1960களின் இறுதியிலேயே நடிகர் டால்ஃபி அதை நட்சத்திர வேடமாக்கிவிட்டார். ஆனால் டால்ஃபி பக்லா அல்ல. அந்த வேடம் அவருக்குக் கழற்றி வைக்கக்கூடிய ஒன்று. (அவருடைய மகன் வான்டால்ஃப், முதல் படத்தில் நாயகரின் படைப்பிரிவில் ஒருவராக வருகிறார். திட்டமிட்டோ இல்லையோ, பொருத்தமான வரிசை.)

இனி கதை. பெஞ்சமின் சாந்தோஸ் எட்டாமவர், வீட்டில் பெஞ்சி, தலைமுறை தலைமுறையாக ராணுவத்தில் இருந்த குடும்பத்தின் வாரிசு. அவருடைய அப்பா பென் சீருடையை வேண்டாம் என்று வேறு படிப்புக்குப் போய்விட்டார். பேரன் பக்லாவாகப் பிறந்தார். ஜெனரலான தாத்தாவுக்கு இரண்டும் பொறுக்கவில்லை, குடும்பத்தையே ஒதுக்கிவைத்துவிடுகிறார். பிறகு நாட்டில் கலகம் வெடித்து, தாத்தா உட்பட உயரதிகாரிகள் கடத்தப்பட, பெஞ்சி பட்டாளத்தில் சேருகிறார். பயிற்சி முகாமில் அவருடன் சேர்பவர்களும் எதற்கும் லாயக்கற்ற கூட்டம். இது பழைய சட்டகம்தான். ஆனால் இந்தச் சட்டகத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே வராது: சீருடை ‘இப்படி நில்’ என்கிறது, உடம்பு ‘மாட்டேன்’ என்கிறது. ஒவ்வொரு அணிவகுப்பும் தானாகவே ஒரு காட்சியாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய பலம் தாத்தாவாக நடித்த எட்டி கார்சியா. திரைக்கு வருமுன் அவர் நிஜமாகவே பிலிப்பீன் ஸ்கவுட்ஸ் படையில் ராணுவக் காவலராக ஒகினாவாவில் பணியாற்றியவர். முறைப்பதற்கு அவருக்கு ஒத்திகை தேவைப்பட்டிருக்காது. அடுத்த ஆண்டே, 2012இல், ‘ப்வாகாவ்’ படத்தில் தனிமையில் மூப்படைந்த தன்பால் ஈர்ப்பாளராக நடித்தார். அதற்காக ஆசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகரானார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பி வந்து, பேரனைக் கண்டு முகம் சுளிக்கும் ஜெனரலைப் பாருங்கள். சிரிப்பின் நடுவே வேறு ஏதோ ஒன்று தொண்டையில் சிக்குகிறது.

பிலிப்பீன்ஸ் ராணுவம், பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்குவதில்லை என்று 2009இலேயே அறிவித்திருந்தது. படம் வந்தது 2011இல். ஆக, பெஞ்சியின் சண்டை முகாமின் வாசலில் நடப்பதில்லை, சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. துப்பாக்கிச் சூடும் வெடிகுண்டும் ஏராளமாக உண்டு. அவற்றைப் பற்றி இரண்டு படங்களுக்கும் சேர்த்து ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன்: சண்டைக்காக யாரும் இவற்றைப் பார்க்கப் போவதில்லை.

இரண்டாம் படத்தில் பெஞ்சி ஏற்கெனவே நாட்டைக் காப்பாற்றியவர், பிரபலம். யாருடைய ஒப்புதலும் அவருக்கு இப்போது தேவையில்லை. முதுகெலும்பு போனது இங்கேதான். அவரை நிராகரிக்க ஓர் ஆள் இல்லாததால் சிரிப்பு பிறக்க வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ரிச்சர்ட் யாப் நடித்த ஜெனரல் ஒருவர், அவருடைய சின்னப் பையன், அந்தப் பையனோடு பெஞ்சிக்கு ஒரு பணி. சிப்பாய் இப்போது ஆயாவாகிவிட்டார். டாம் ரோட்ரிகெஸ் வில்லன். அலெக்ஸ் கொன்சாகாவும் இருக்கிறார். வைஸ் கண்டாவின் நாக்கு அதே வேகத்தில்தான் சுழல்கிறது; தனித்தனியாகப் பார்த்தால் சில துணுக்குகள் முதல் படத்தில் உள்ளவற்றைவிடக் கூர்மை என்றுகூடச் சொல்வேன். ஆனால் துணுக்குகள் ஒன்றையொன்று தாங்கவில்லை. சீருடையைக் கழற்றிவிட்டு அவருக்கு ஆசிரியர் வேடமோ மருத்துவர் வேடமோ கொடுத்தாலும் பாதிப் படம் அப்படியே ஓடும்.

அந்தச் சின்னப் பையன் பிம்பி. அம்மா கிரிஸ் அகினோ, அப்பா கூடைப்பந்து வீரர் ஜேம்ஸ் யாப், தாய்மாமன் அப்போதைய ஜனாதிபதி பெனிக்னோ அகினோ. அதாவது, முப்படைத் தளபதியின் மருமகன் ராணுவ நகைச்சுவையில் நடிக்கிறான். முந்தைய ஆண்டு டிசம்பரில் இதே பையன் நகைச்சுவை நடிகர் விக் சோட்டோவின் படத்தில், வைஸ் கண்டாவின் படத்துக்கு எதிராக நின்றவன். 2014இல் அவன் இந்தப் பக்கம் வந்துவிட, அவனுடைய அம்மா ‘ஃபெங் ஷுய் 2’ என்ற பேய்ப்படத்தோடு, இந்தப் படம் போட்டியிட்ட அதே மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் எதிராக நின்றார். மணிலாவில் பண்டிகைக் காலத் திரைப் போட்டி குடும்பத்துக்குள்ளேயும் நடக்கும்.

அந்த 12 கோடிக்கான விளக்கமும் இந்தப் பண்டிகையில்தான் இருக்கிறது. 1975இல் தொடங்கிய மெட்ரோ மணிலா திரைப்பட விழா, பெயரில்தான் விழா. நடைமுறையில் அது ஒரு வேலி. கிறிஸ்துமஸ் நாளிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையரங்குகளில் இடமில்லை. தேர்வான உள்நாட்டுப் படங்கள் மட்டுமே ஓடும். அதோடு ‘அகினால்டோ’ என்ற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகள் ஞானப்பெற்றோர் வீட்டுக்குப் போய், அவர்களின் கையைத் தங்கள் நெற்றியில் ஒற்றி வணங்கிப் பணம் பெறுவார்கள். அந்தப் பணத்தோடு மதியம் குடும்பமே திரையரங்குக்குப் போகும். எந்தப் படத்துக்கு என்பதைப் பணம் வைத்திருப்பவர் தீர்மானிப்பார். அவருக்குப் பெரும்பாலும் ஏழு எட்டு வயதுதான் இருக்கும். கதைக்குள் சின்னப் பையன் ஏன் வந்தான் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

முதல் படம் சாதாரண அக்டோபரில், ஹாலிவுட் படங்களோடு தோளுரசி, போனஸும் அகினால்டோவும் இல்லாத மாதத்தில் 33 கோடி எடுத்தது. இடையில் மூன்று ஆண்டுகளின் டிக்கெட் விலையேற்றம் வேறு. அக்டோபர் வசூலைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். இதை ஒரு ஸ்டார் சினிமா ரசிகரிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்: அதே வேலிக்குள் இன்னும் ஏழு படங்களும் இருந்தனவே, அவை ஏன் 45 கோடி எடுக்கவில்லை? நியாயமான கேள்விதான். வைஸ் கண்டாவுக்காக மக்கள் வந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. அவர்கள் நம்பி வந்தது 2011இன் பெஞ்சியை என்பதுதான் என் வாதம்.

நடுவர்கள் வேறு திசையில் பார்த்தார்கள். 2014 விழாவின் சிறந்த படம் ‘போனிஃபாசியோ: ஆங் உனாங் பங்குலோ’, ராபின் பாடில்லா நடித்த வரலாற்றுப் படம். ‘இங்கிலிஷ் ஒன்லி, ப்ளீஸ்’ என்ற காதல் நகைச்சுவைக்கு இயக்குநர், நடிகர், நடிகை விருதுகள் கிடைத்தன; அது மெதுவாகத் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்த்த படம். சிறந்த நடிகர் விருதை வாங்கியவர் டெரெக் ராம்சே. யார் இவர்? முதல் பெஞ்சமினில் நம் சிப்பாய் மனம் பறிகொடுத்த அழகர். மூன்றாண்டு கழித்து, பெஞ்சி கல்லாப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, அவர் எதிர்ப் பந்தலில் கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

விழா என்றால் வசூலா, தரமா என்ற சச்சரவு அதோடு ஓயவில்லை. 2016இல் தேர்வுக் குழு பெரிய நட்சத்திர நகைச்சுவைகளை வெளியே நிறுத்தி, சிறிய படங்களை உள்ளே விட்டது. வைஸ் கண்டாவின் அந்த ஆண்டுப் படம் விழாவில் இடமின்றி நவம்பர் இறுதியிலேயே வெளியானது. அதை வென் டெராமஸ் இயக்கவில்லை. அவர் அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: பெரியவர்கள் மட்டும் என்றால் 2011. இரண்டாவதை விட்டுவிட்டு அந்த மாலையில் ‘இங்கிலிஷ் ஒன்லி, ப்ளீஸ்’ பாருங்கள். ராம்சேயைத் தொடர்ந்து வந்தது போலவும் இருக்கும். வீட்டில் ஏழு வயதில் யாராவது இருந்தால் 2014ஐயே போடுங்கள். தாத்தா எங்கே என்று அவர்கள் கேட்க மாட்டார்கள்.