வெங்காய டார்ட்: நீஸ் பாணியா, அல்சாஸ் பாணியா?

பிரான்ஸில் வெங்காய டார்ட், அதாவது தட்டையான மாவின் மேல் வெங்காயம் பரப்பிச் சுடும் பண்டம், ஊருக்கு ஊர் மாறும். தெற்கே நீஸ் நகரத்தில் அதன் பெயர் பிஸ்ஸாலடியேர். முட்டை, க்ரீம் எதுவும் கிடையாது. வெங்காயத்தின் மேல் உப்பில் ஊறிய ஆன்சோவி மீனும் கறுப்பு ஆலிவும், அவ்வளவுதான். கிழக்கே அல்சாஸில் முட்டையும் க்ரீமும் கலந்து ஊற்றி, ஜாதிக்காய் தூவிச் சுடுவார்கள்.

நீஸில் அடியில் இருப்பது ரொட்டி மாவு. ஆனால் வீட்டில் பஃப் பேஸ்ட்ரியில், அதாவது வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காக மடித்த மாவில், செய்பவர்களும் உண்டு. பஃப் பேஸ்ட்ரி என்றால் நான் நீஸ் பக்கம்தான். அல்சாஸ் கலவையின் ஈரத்தில் அடிமாவு சொதசொதத்துப் போகும்; அதற்கு வெண்ணெய் போட்டுப் பிசைந்த, அடுக்கில்லாத மாவே தோது.

1 கிலோ வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில், தைம் இலையோடு, சிறு தீயில் முக்கால் மணி நேரமாவது வதக்குங்கள். தண்ணீர் வற்றி, அல்வா மாதிரி பளபளவென்று சுருண்டு வரவேண்டும். அப்புறம் நன்றாக ஆறவிடுங்கள். சூடாகப் பரப்பினால் மாவிலுள்ள வெண்ணெய் உருகிவிடும், அடுக்குகள் எழும்பவே எழும்பாது. ஓரத்தில் 2 செ.மீ. விட்டுப் பரப்பி, 200 டிகிரியில் சுமார் 25 நிமிடம் சுட்டால் போதும்.

குளிர்காலத்தில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமா? சரி, அப்போது அல்சாஸ்.