ஆள் எடுக்க ஆளுமைத் தேர்வு: ஆறு வருட அனுபவம்

எங்கள் டீமில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடலாம் என்றால் அது ஒரே ஒருவரிடம்தான். அவர் நாங்கள் வைத்த ஆளுமைத் தேர்வில் தேறவில்லை. ரிப்போர்ட் வருவதற்குள் ஆஃபர் லெட்டர் போய்விட்டதால் அவர் தப்பித்தார், இல்லை, நாங்கள் தப்பித்தோம். "இந்தப் பணிக்குப் பொருத்தம் குறைவு" என்று சிவப்பு எழுத்தில் வந்த அந்தப் பக்கத்தை ரொம்ப நாள் டிராயரில் வைத்திருந்தேன்.

ஆறு வருடமாக ஆள் எடுக்கும்போது இந்தத் தேர்வுகளைப் பயன்படுத்துகிறேன். இரண்டு வகை பார்த்தாயிற்று, காசும் நிறையப் போயிற்று. இப்போதும் தூக்கிப் போட்டுவிடவில்லை, ஆனால் முதல் வருடம் பயன்படுத்திய விதத்தை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆரம்பித்தது மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற தேர்வில். ஆளின் குணத்தைக் குறிக்க நான்கு எழுத்து, மொத்தம் 16 வகை மனிதர்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதியதை அடிப்படையாக வைத்து ஓர் அம்மாவும் மகளும் சேர்ந்து உருவாக்கியது. வாசிக்க சுகமாக இருக்கும், யாரையும் திட்டாது. சிக்கல் என்னவென்றால், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்தாலே ஆள் வேறு வகையாகிவிடுகிறார். நானே இரண்டு மாத இடைவெளியில் இருமுறை எழுதினேன், ஓர் எழுத்து மாறிப்போனது. முதல் முறை லீவு முடிந்து வந்த மறுநாள், இரண்டாவது முறை வேலை தலைக்கு மேல் இருந்த வாரம், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம்தான் தெரிந்தது, அதை உருவாக்கியவர்களின் பெயரில் நடக்கும் அமைப்பே இதை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அது ஏன் அவ்வளவு சரியாகச் சொல்வதுபோல் தோன்றுகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, தனித்தனி அறிக்கை என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். வரிகளில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ராசிபலன் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. இதைப் படித்த கையோடு என் ரிப்போர்ட்டில் பெயரை மறைத்து கூட வேலை செய்யும் மூன்று பேரிடம் கொடுத்தேன். மூன்று பேருமே "அட, என்னைப் பற்றியே எழுதியிருக்கிறதே" என்றார்கள்.

அடுத்து, ஐந்து அடிப்படைக் குணங்களை அளக்கும் 'ஐந்து காரணி' வகைத் தேர்வுக்கு மாறினோம். இது மனிதர்களைப் பெட்டியில் போடாமல் ஒவ்வொரு குணத்தையும் அளவுகோலில் காட்டும், ஆய்வுப் பின்புலமும் உண்டு. ஐந்தில் வேலைத்திறனோடு ஓரளவு ஒத்துப்போவது பொறுப்புணர்வு. ஆனால் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சாக்கெட் என்ற உளவியலாளரும் குழுவினரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் அந்தத் தொடர்பு சுமார் 0.19தான் (முழுதாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போடும் இன்டர்வியூவுக்கு அதே ஆய்வில் 0.42. நாங்களோ அந்த 0.19ஐ வாசலில் காவலுக்கு நிறுத்தி, அதைத் தாண்டியவர்களைத்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கேள்விகளும் அப்படித்தான். "பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பேன்" என்று ஒன்று. ஒரு பையன் தேர்வுக்கு நடுவில் எழுந்து வந்து, "சார், இது ஆஃபீஸிலா, வீட்டிலா? என் டேபிளைக் கேட்டால் ஆமாம், என் ரூமைப் பற்றி என்றால் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்" என்றான். சிரித்துவிட்டேன், ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. வேலை இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் தேர்வுகள் கொஞ்சம் மேல் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, பிறகு அப்படிப்பட்டதற்கே மாறினோம்.

எனக்கு இதைவிடப் பெரிய தொல்லை, ரிப்போர்ட் நம் கண்ணில் ஒட்டிக்கொள்வது. ஒருமுறை எங்கள் மேனேஜர் "மோதலைத் தவிர்ப்பவர்" என்ற வரியை அடிக்கோடிட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்கு வந்தார். வாடிக்கையாளர் சண்டை போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும் அந்தப் பெண் நான்கைந்து வினாடி யோசித்தார், பிறகு நடந்த ஒரு சம்பவத்தை வரிசையாகச் சொன்னார், நல்ல பதில். முடிந்ததும் மேனேஜரின் தாளைப் பார்த்தால் ஓரத்தில் "தயங்குகிறார், ரிப்போர்ட் சரி" என்று இருந்தது. பதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரை எடுக்கவில்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இப்போது வரிசையைத் திருப்பிவிட்டோம். முதலில் சின்னதாக ஒரு வேலை கொடுத்துச் செய்யச் சொல்கிறோம், அப்புறம் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், மார்க் போட்டுக் கையெழுத்தும் வைத்த பிறகுதான் ரிப்போர்ட்டைத் திறப்பது. அதுவும் கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும், அவர்களிடம் பேச இரண்டு கேள்வி எடுக்க. கட்-ஆஃப் கிடையாது. கேட்டவருக்கு அவருடைய ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுகிறோம்.

மனநலம் பார்க்கும் கேள்விகள் கலந்த ஒன்றையும் நடுவில் ஒருவர் விற்க வந்தார். வேண்டாம் என்றோம். அமெரிக்காவில் பதவி உயர்வுக்கு எம்எம்பிஐ (MMPI) என்ற மனநலத் தேர்வை வைத்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், அது மருத்துவப் பரிசோதனைதான், அப்படி வைத்தது சட்டத்துக்கு முரண் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அந்தச் சிவப்புப் பக்கத்தை ஒருநாள் அவரிடமே கொடுத்தேன். சொன்ன நேரத்தில் வேலையை முடிப்பேன் என்ற கேள்விக்கு மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'எப்போதும்' போட்டிருக்க, இவர் மட்டும் 'பெரும்பாலும்' போட்டிருந்தார். ஏன் என்றேன். "சில நாள் தள்ளிப்போயிருக்கே சார், எப்போதும்னு எப்படிப் போடுவது?" என்றார்.

அடுத்த மாதம் தேர்வின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை கால்வாசி எண்ணிக்கைக்கு மட்டும் விலை கேட்டிருக்கிறேன்.