அட்லாண்டிக் கடக்க லாஸ் பால்மாஸ்ல இருந்து நேர் வழியா, மின்டெலோ வழியா?

ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துல கேனரித் தீவுல இருக்கிற லாஸ் பால்மாஸ்ல கிளம்பி நேரா கரீபியன்ல இருக்கிற செயின்ட் லூசியா போனா சுமார் 2,700 கடல் மைல், சின்னப் பாய்மரப் படகுக்கு மூணு வாரம். நடுவுல, கேனரிக்குத் தெற்கே இருக்கிற கேப் வெர்டி தீவு நாட்டோட மின்டெலோ துறைமுகத்துல நின்னா முதல்ல 850 மைல், அப்புறம் 2,100 சொச்சம். கூடுற தூரம் பெருசா ஒண்ணும் இல்ல. நாங்க ஜனவரில மின்டெலோ வழியாத்தான் போனோம், மறுபடி போனாலும் அதேதான்.

நேர் வழிக்காரங்க பெரும்பாலும் நவம்பர் கடைசில கிளம்புறாங்க, ஹரிக்கேன் சீசன் கணக்குப்படி நவம்பர் 30 வரைக்கும், அது முடியுற கையோட போனா கிறிஸ்துமஸுக்கு அக்கரை சேர்ந்துடலாம்னு. லீவு கம்மின்னா அது நியாயமான கணக்குதான். ஆனா அந்த மாசத்துல ட்ரேட் விண்ட், அதாவது படகை மேற்கே தள்ளிட்டுப் போற வடகிழக்குக் காத்து, இன்னும் நிலைச்சிருக்காது. வடக்கே அசோர்ஸ் தீவுங்க பக்கம் உக்காந்திருக்கிற ஹை பிரஷர், அதாவது உயர் காற்றழுத்தம்தான் அந்தக் காத்தையே குடுக்குது, வடக்கேருந்து ஒரு லோ, அதாவது காற்றழுத்தத் தாழ்வு, கீழ இறங்கி வந்துச்சுன்னா ஹை கலைஞ்சு கேனரிக்கு மேற்கே காத்து செத்துடும், இல்லன்னா தென்மேற்கேருந்து மூஞ்சிலயே அடிக்கும். லாஸ் பால்மாஸ் வடக்கு அட்சரேகை 28 டிகிரி, மின்டெலோ 17. இந்த 11 டிகிரிதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. வெண்ணெய் உருகுற வரைக்கும் தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்புன்னு பழைய மாலுமிங்க சொல்வாங்க. மின்டெலோ வழில போறவங்க அதைத்தான் செய்றாங்க, நிக்கிறதுக்கு ஒரு துறைமுகமும் கிடைக்குது.

அந்த நிக்கிறதோட அருமை எங்களுக்கு நாலாவது நாளே தெரிஞ்சுது. காலைல படகோட தளத்துல ஒரு சின்ன ஸ்ப்ளிட் பின், அதாவது மாட்டினது கழண்டுடாம பூட்டி வைக்கிற ஊசி, கிடந்துச்சு, மேல எங்கேருந்து விழுந்துச்சுன்னு தெரியல. அதே நாள் சாயங்காலம் பாத்தா, முன் பாயோட கயிறு, அந்தப் பாயை வெளியே விரிச்சுப் பிடிக்கிற கம்போட நுனில உரசி உரசி மேலுறை பிஞ்சு உள்ள வெள்ளை நார் தெரியுது. ராத்திரி பகலா பின்காத்துல படகு உருளும்போது ஒரே இடத்துல உரசுது, வேறென்ன ஆகும். மின்டெலோல இறங்கினதும் பாய்மரத்துல ஏறி பின் இல்லாத இடத்தைக் கண்டுபிடிச்சு மாட்டினோம், கயித்துல பிஞ்ச துண்டை வெட்டிட்டு தலைகீழா மாத்திக் கட்டினோம். நேர் வழில அதே நாலாவது நாள் இது நடந்திருந்தா முன்னால இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல தண்ணிதான்.

குறையும் இருக்கு. சாமான் எல்லாம் லாஸ் பால்மாஸ்லயே ஏத்திக்கணும், மின்டெலோல அவ்வளவு வகை கிடைக்காது. கேப் வெர்டி தீவுங்களுக்கு நடுவுல இருக்கிற கடல் இடுக்குல காத்து திடீர்னு கூடும், பாயை முன்கூட்டியே குறைச்சிடுங்க. குளிர்காலத்துல சஹாரா தூசி வந்து கயிறு, பாய் எல்லாம் செம்பழுப்பா படியும்.

நான் நேர் வழில போனதில்ல, அதனால அங்க படகு எப்படி ஓடும்னு அடிச்சு சொல்ல மாட்டேன். நவம்பர்லயே கிளம்பியாகணும்னா ஒண்ணு மட்டும் செய்ங்க, கேனரி தாண்டின உடனே மேற்கே திருப்பாதீங்க, 20 டிகிரிக்குக் கீழ இறங்கி காத்து முதுகுல நிலையா விழுந்த அப்புறம் திருப்புங்க.