அலுவலக வேலையில் லீன் முறை: ஐந்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கணக்குப் பிரிவில் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலை எங்களுடையது. அந்த வேலையில் லீன் முறையை, அதாவது வீண் வேலையைக் கண்டுபிடித்துக் குறைத்துக்கொண்டே போகும் முறையை, பின்பற்றத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிவிட்டது. முதல் வருடத்தில் எழுத உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றையும் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது எது நிலைத்தது, எது ஆறே மாதத்தில் உதிர்ந்தது என்று தெரிகிறது.

லீன் என்பது தொழிற்சாலைச் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோவும் உடன் இருந்தவர்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய உற்பத்தி முறைதான் இதற்கு வேர். ‘லீன்’ என்ற பெயர் 1988-இல் ஜான் கிராஃப்சிக் எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது. ஓனோ வீண் வேலையை ஏழு வகையாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பு, இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, அவசியமில்லாத செய்முறை, தேங்கும் சரக்கு, வீண் நடமாட்டம், பிழை. இந்தப் பட்டியலைப் படித்தபோது, ‘எங்கள் மேசையில் சரக்கு எங்கே இருக்கிறது?’ என்றுதான் தோன்றியது. ட்ரேயில் கிடக்கும் பில்தான் எங்கள் சரக்கு என்று புரிய, ஒரு பில்லின் பின்னாலேயே நடக்க வேண்டியிருந்தது.

வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பதை லீனில் கெம்பாவுக்குப் போவது என்பார்கள். அன்று பணம் அனுப்பி முடித்த ஒரு பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அது வந்த வழியே மேசை மேசையாகப் பின்னோக்கிப் போனேன். அதன் இடது மூலையில் ஒன்பது பின் துளைகள் இருந்தன. ஒவ்வொரு மேசையிலும் பின்னைக் கழற்றி, நகல் எடுத்து, மறுபடி பின் அடித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஆறு தேதி முத்திரைகள். முதல் முத்திரைக்கும் கடைசி முத்திரைக்கும் நடுவே 17 நாள். ‘இதில் உங்கள் பங்கு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கூட்டினால் 45 நிமிடம்கூட வரவில்லை. மீதி முழுக்கக் காத்திருப்பு. அந்த 17 நாளும் எங்களில் யாரும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் முதுகு ஒடிய வேலை செய்தோம், பில் மட்டும் ட்ரேயில் படுத்திருந்தது.

அந்த ஒரு தாள் எனக்குக் கற்றுத் தந்ததை எந்தப் பயிற்சி வகுப்பும் தரவில்லை. அதுவரை வேகம் போதவில்லை என்றால் வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும், இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்றே யோசித்துவந்தோம். 45 நிமிடத்தை 30 ஆக்கினாலும் 17 நாளில் என்ன குறையும்?

முதலில் கைவைத்தது கையெழுத்தில். மேலாளர் வாரம் முழுக்க வரும் பில்களைச் சேர்த்து வைத்து வெள்ளிக்கிழமை ஒரேயடியாகக் கையெழுத்துப் போடுவார். அவருக்கு அது வசதி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் திங்கட்கிழமை அவர் மேசைக்கு வந்த பில் நான்கு நாள் காத்திருக்கும். முத்திரைத் தேதிகளைக் காட்டி, ‘தினமும் 11 மணிக்குக் கால் மணி நேரம் தர முடியுமா சார்?’ என்று கேட்டோம். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். இன்றுவரை அது தொடர்கிறது. இந்த ஐந்து வருடத்தில் நாங்கள் செய்த மாற்றங்களில் செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது இதுதான். கட்டுக்கட்டாகச் சேர்த்துச் செய்வது செய்பவருக்குத்தான் சுலபம், வரிசையில் நிற்பவருக்கு அது தண்டனை.

அப்புறம் கான்பான் பலகை, எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் காட்டும் பலகை. வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம், ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு ஸ்டிக்கி நோட், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உச்ச வரம்பு. இதன் அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி அது: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக ஆகும் நாள் கிடைக்கும். எங்கள் கையில் எப்போதும் 120 பில் இருக்கும், நாளுக்கு 8 முடிப்போம், ஆக 15 நாள். கையில் 40 மட்டுமே இருந்தால் 5 நாள்தானே என்று வரம்பைப் போட்டுவிட்டோம்.

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். பலகை பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வெண்டார்கள் அதே நாள்கணக்கில்தான் காத்திருந்தார்கள். வரம்புக்கு மேல் வந்த பில்கள் மெயில் பெட்டியிலும் வரவேற்பு மேசை இழுப்பறையிலும் குவிந்து கிடந்தன. வரிசை குறையவில்லை, கண்ணில் படாத இடத்துக்கு நகர்ந்திருந்தது. பில் அலுவலகத்துக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்தே நாள் எண்ண வேண்டும், நாம் கையில் எடுத்த நிமிடத்திலிருந்து அல்ல. அந்த ஒரு திருத்தத்தைச் செய்த பிறகுதான் பலகை உண்மை பேசத் தொடங்கியது. கான்பான் பலகை வைக்க நினைப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

சரி, அந்த வரிசை ஏன் வருகிறது? ஒரு மாதம், திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பில்லுக்கும் காரணத்தைக் குறித்து வைத்தோம். பெரும்பாலானவை ஒரே காரணத்துக்காகத் திரும்பியிருந்தன: பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லை. அது இல்லாவிட்டால் பில், ஆர்டர், சரக்கு வந்ததற்கான குறிப்பு மூன்றையும் ஒப்பிட முடியாது. ஐந்து முறை ‘ஏன்’ கேட்கும் முறையை இங்கே பயன்படுத்தினோம். ஏன் எண் இல்லை? வெண்டார் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எது அந்த எண் என்று தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? நாங்கள் அனுப்பும் ஆர்டரில் அது இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ‘குறிப்பு எண்’ என்ற பெயரில் இருந்தது. மூன்றாவது ‘ஏன்’ என்பதிலேயே விடை வந்துவிட்டது. இத்தனை வருடமாக வெண்டார்களின் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தது எங்கள் சொந்தப் படிவத்தின் பிழையைத்தான். எண்ணை முதல் பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் போட்டு, ‘பில்லில் இந்த எண்ணை எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். திருப்பி அனுப்பும் பில்கள் சில வாரங்களில் வெகுவாகக் குறைந்தன. மறுவேலைக்குப் போன நேரம் மிச்சமானதால் நாளுக்கு 8 என்றிருந்தது தானாகவே ஏறியது. இப்போது தகராறு இல்லாத ஒரு பில் நான்கைந்து நாளில் முடிகிறது.

தினசரிப் பத்து நிமிட நின்றபடிக் கூட்டம் முதலில் ஒப்பிப்பதாகவே இருந்தது. நேற்று இதைச் செய்தேன், இன்று இதைச் செய்வேன் என்று ஆளுக்கு ஒரு நிமிடம். பலகையை வலமிருந்து இடமாக, அதாவது முடியும் தறுவாயில் உள்ளதிலிருந்து பேச ஆரம்பித்ததும் கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஆளைப் பற்றிய பேச்சு போய், ‘இந்த பில் ஏன் மூன்று நாளாக இதே கட்டத்தில் இருக்கிறது?’ என்ற பேச்சு வந்தது.

உதிர்ந்துபோனவையும் உண்டு. ஃபைவ் எஸ், அதாவது வேலையிடத்தை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை, என்ற பெயரில் மேசையில் தொலைபேசிக்கும் ஸ்டாப்ளருக்கும் நாடா ஒட்டி இடம் குறித்தோம். பட்டறையில் ஒரு ஸ்பேனரைப் பல பேர் தேடுவார்கள், அங்கே இது அவசியம். என் ஸ்டாப்ளரை என்னைத் தவிர யார் தேடப்போகிறார்கள்? மாதாந்திர மதிப்பெண் தணிக்கை வந்ததும் முந்தின நாள் மாலை எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளி மூடினோம். இரண்டையும் விட்டுவிட்டோம். அதே ஃபைவ் எஸ், பொதுக் கோப்புறையில் மட்டும் நன்றாக வேர்விட்டது. கோப்பின் பெயர் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்க வேண்டும் என்ற ஒரே விதி, ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்ற குழப்பத்தை ஒழித்தது.

மூன்றாம் வருடம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த அனுபவம் அரைகுறையாகிவிடும். நேரம் மிச்சமானதைப் பார்த்த மேலிடம், ‘அப்படியென்றால் ஒருவரைக் குறைக்கலாமே’ என்று கேட்டது. பேச்சு கசிந்த அன்றே, வேலையை மேம்படுத்த எங்கள் ஆட்கள் எழுதித் தந்துவந்த யோசனைகள் நின்றன. அதுவரை வாரம் இரண்டு மூன்று யோசனைச் சீட்டாவது பலகையில் இருக்கும், அடுத்த நான்கு மாதம் ஒன்றுகூட வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. தன் வேலைக்குத் தானே குழி தோண்ட யார் முன்வருவார்கள்? டொயோட்டா 2001-இல் தன் கொள்கையை எழுத்தில் வெளியிட்டபோது, தொடர் முன்னேற்றத்துக்குச் சமமான இன்னொரு தூணாக மனிதர்களை மதிப்பதை வைத்தது. அதை நான் அலங்கார வாசகமாகவே படித்திருந்தேன். அந்த நான்கு மாதம்தான் அது எவ்வளவு பாரம் தாங்கும் தூண் என்று காட்டியது. மேலாளர் போராடி, முறை மாற்றத்தால் யாருக்கும் வேலை போகாது என்று எழுத்தில் வாங்கித் தந்தார். மிச்சமான நேரத்தில் வெண்டார் கணக்குகளை மாதந்தோறும் ஒத்துப்பார்க்கத் தொடங்கினோம். சீட்டுகள் மெல்லத் திரும்பி வந்தன. இந்த உறுதி இல்லாத இடத்தில் லீனைத் தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எங்களால் இன்னும் சரிசெய்ய முடியாதது மாதக் கடைசி. வருகிற பில்களில் பாதி கடைசி வாரத்தில்தான் வருகின்றன. லீனில் இந்த ஏற்ற இறக்கத்தை முரா என்றும், அதனால் ஆட்கள்மேல் ஏறும் பாரத்தை முரி என்றும் சொல்வார்கள். பணம் அனுப்புவதை மாதம் ஒரு முறை என்பதிலிருந்து வாரம் இரு முறையாக்கியதில் கொஞ்சம் தணிந்தது, தீரவில்லை. பெரிய வெண்டார்கள் சிலரிடம் பதினைந்து நாளுக்கு ஒரு பில் அனுப்பக் கேட்டிருக்கிறோம், இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, புதிதாகச் சேருபவருக்கு லேப்டாப்பும் கடவுச்சொல்லும் கிடைக்க ஒன்பது நாள் ஆகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை சேரப்போகும் ஒருவரின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து அது போகும் வழியெல்லாம் நடப்பதாக இருக்கிறோம்.