தொடர் பார்த்துவிட்டுப் படமா, நேரே படமா?

2002இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, ‘ஃபயர்ஃபிளை’ விண்வெளித் தொடரின் 14 பகுதிகளில் 11ஐ மட்டும், அதுவும் வரிசையைக் கலைத்துப் போட்டுவிட்டு இழுத்து மூடியது. டிவிடி விற்பனையும் ரசிகர்களின் விடாப்பிடியும் 2005இல் அதை ‘செரினிட்டி’ படமாக மீட்டன. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அக்கா தொடரைக் கரைத்துக் குடித்தவர். அத்தான் நேரே படத்துக்கு வந்தவர். (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

கப்பலைப் பத்திரமாகத் தரையிறக்கிய மறுகணமே வாஷ் செத்துப்போகிறான். அக்காவுக்கு வாயருகே போன முறுக்கு அப்படியே நின்றுவிட்டது. “யாரு, அந்தப் பைலட்டா?” என்றார் அத்தான். அவருக்கு அது ஒரு சண்டைக்காட்சி, அவ்வளவுதான். பாதிரியார் புக்கின் பழைய கதையைச் சொல்லாமலே கொன்றுவிட்டார்கள் என்ற ஆத்திரமும் அக்காவுக்கு உண்டு. தொடரில் ஆள் வைத்துத் தங்கையை அரசாங்க ஆய்வுக்கூடத்திலிருந்து மீட்ட சைமன், படத்தில் தானே அதற்குள் நுழைகிறானாம். அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அத்தானுக்கு இந்தக் கணக்குவழக்கு ஏதும் கிடையாது. மிராண்டா கிரகத்தின் மர்மம் அவருக்குப் புத்தம்புதிது, படமும் தனியாகவே புரிந்தது. நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு அக்காவுக்கே. பகுதிக்கு முக்கால் மணி நேரம்தான், இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம். ஒளிபரப்பான வரிசையில் மட்டும் பார்க்காதீர்கள்: முதல் பகுதியையே கடைசியில் போட்ட புண்ணியவான்கள் அந்த ஃபாக்ஸ்காரர்கள்.