தசை அளக்க த்ரீடி ஸ்லைசர்: காசு வேண்டாம், கவனம் வேண்டும்

புற்றுநோயாளியின் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எடை மெஷின் சொல்லாது. வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கியவருக்கு எடை அப்படியே நிற்கும், தசை போயிருக்கும். நோய்க்காக எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே அதை அளந்துவிடலாம். அதற்கான இலவச மென்பொருள்தான் த்ரீடி ஸ்லைசர். காரைக்குடி, தேவகோட்டை சின்ன ஸ்கேன் சென்டர்களுக்கும் கட்டுப்படியாகும்.

ஃபிலிமை வைத்து அளக்க முடியாது, குறுந்தகட்டில் உள்ள டைகாம் (ஸ்கேன் மெஷின் தரும் மூலப் படம்) கோப்பு வேண்டும். (கவரோடு ஃபிலிம் வந்துவிடும், குறுந்தகடு வீட்டு பீரோவில் கிடக்கும்.)

மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில், இருபக்க எலும்பு நீட்சியும் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) போதும். சிலருக்கு இடுப்பு முள்ளெலும்பு ஒன்று கூடவோ குறையவோ இருக்கும் என்பதால், பக்கவாட்டுப் படத்தில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். மென்பொருளின் செக்மென்ட் எடிட்டர் பகுதியில் த்ரெஷோல்டை, அதாவது எல்லையை, தசைக்குரிய -29 முதல் +150 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யின் அடர்த்தி எண்) வரை வைத்து, அதற்கு வெளியே பெயின்ட் ஏறாதபடி அதையே மாஸ்க்காக்கி, தசைமேல் மட்டும் பெயின்ட் அடிக்கலாம். குடலும் இதே எல்லைக்குள் வரும். மெலிந்தவர்களுக்கு அது வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கிடப்பதால், பிரஷ் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

பெரிய குறை, கணக்கில். ஸ்டாடிஸ்டிக்ஸ் பக்கம் நமக்கு வேண்டிய குறுக்குவெட்டுப் பரப்பளவைத் தராது, கன அளவைத்தான் தரும். அதை ஸ்லைஸ் இடைவெளியால் வகுக்க வேண்டும்: 60 கன செ.மீ., இடைவெளி 5 மி.மீ. என்றால் 120 சதுர செ.மீ. ஸ்லைஸ் தடிமன் 5, இடைவெளி 2.5 மி.மீ. என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கிய படத்தில் தடிமனால் வகுத்தால் விடை பாதியாகிவிடும். ஸ்பியர் பிரஷ் (உருண்டை வடிவ பிரஷ்) ஆன் ஆகியிருந்தால் பக்கத்து ஸ்லைஸிலும் பெயின்ட் ஏறி, விடை ஊதிப்போகும்.

ஆள் உயரத்துக்கேற்ப ஒப்பிட, பரப்பளவை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயர ஆணுக்கு 120 ÷ 2.72 = 44.1. 2013இல் வெளியான கனடா ஆய்வின்படி இதற்குக் கீழே போனால் தசை குறைவு என்று ஆணுக்கு வைத்த எல்லை, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 25க்குக் கீழே என்றால் 43, அதற்கு மேல் 53. ஆக, ஒல்லியான ஆள் தேறிவிடுவார், அதே தசையுள்ள பருமனான ஆள் தேற மாட்டார். அந்த எல்லையை நம் ஊர் உடம்புக்கு அப்படியே பொருத்துவது சரியில்லை. ஒரே நோயாளியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுவதில்தான் இந்த மென்பொருளுக்கு உண்மையான பயன்.

அங்கேயும் ஒரு சிக்கல். முதல் ஸ்கேனைக் காரைக்குடியில் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) இல்லாமலும், அடுத்ததை மதுரையில் கான்ட்ராஸ்ட் போட்டும் எடுத்திருப்பார்கள். கான்ட்ராஸ்ட் தசையின் அடர்த்தி எண்ணை ஏற்றிவிடும், கொழுப்பேறிய தசைகூட நல்ல தசைபோலத் தெரியும். பரப்பளவில் பாதிப்பு குறைவு. இரண்டும் ஒரே வகைப் படமாக இல்லாவிட்டால் அடர்த்தியை ஒப்பிடவே கூடாது.

இது ஆராய்ச்சிக்கான மென்பொருள், மருத்துவச் சான்று பெற்றதல்ல. வரும் எண்ணை ரேடியாலஜிஸ்ட் பார்த்துக் கையெழுத்திடாமல் நோயாளியிடம் கொடுக்கக் கூடாது.