நிக்கான் 35 மிமீ எஃப்/1.8: சில ஆண்டுகள் பழகிய பிறகு

என் டி5600 கேமராவில் பெரும்பாலும் மாட்டியிருப்பது ஜூம் இல்லாத ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மிமீ எஃப்/1.8ஜி லென்ஸ். 2009-இல் வெளிவந்தது, எடை 200 கிராம்தான். கேமராவுடன் வந்த 18-55 மிமீ ஜூம் லென்ஸான கிட் லென்ஸிலிருந்து அடுத்த படிக்குப் போக நினைக்கும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்குமுன் ஒரு வேலை செய்தேன். கிட் லென்ஸில் எடுத்து எனக்குப் பிடித்துப்போன படங்களை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தூரத்தில் (காட்சி எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் மிமீ அளவு) எடுக்கப்பட்டது என்று கணினியில் பார்த்தேன். கோபுரப் படங்களை விட்டுவிட்டால், பெரும்பாலானவை 30 மிமீக்கும் 40 மிமீக்கும் இடையில் இருந்தன. கடைக்காரரோ விமர்சகரோ இதைச் சொல்ல முடியாது. நம் படங்கள்தான் சொல்லும்.

பலரும் 50 மிமீ வாங்கச் சொல்வார்கள். டி5600-இல் இருக்கும் சிறிய டிஎக்ஸ் சென்சாரில் அது, பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவின் 75 மிமீ அளவுக்குக் காட்சியைக் குறுக்கிவிடும். சென்னை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை முழுதாகப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் முட்டும். 35 மிமீ அந்தக் கூடத்துக்குப் போதும். மேலும், விலை மலிவு என்று பழைய 50 மிமீ எஃப்/1.8டி வாங்கினால் டி5600-இல் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அந்த லென்ஸிலும் மோட்டார் இல்லை, இந்தக் கேமராவிலும் இல்லை.

உண்மையான வித்தியாசம் மாலை ஆறரை மணிக்குத் தெரியும். கிட் லென்ஸை 35 மிமீ பக்கம் திருப்பினால் ஒளி நுழையும் துளை ஏறக்குறைய எஃப்/4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப்/1.8 அதைப்போல் ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; கூடக் கூடப் படத்தில் புள்ளிகள் பெருகும்) 6400 தேவைப்பட்ட இடத்தில் 1000 போதும். மயிலாப்பூர் மாட வீதியில் குண்டு பல்பின் கீழ் பூக்கட்டும் அம்மாவின் விரல்கள் அசைவில் கலங்காமல், தோலின் நிறம் கெடாமல் பதிகின்றன. இந்த லென்ஸில் நடுக்கத் தடுப்பு இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது நம் கை நடுக்கத்தைத்தான் ஈடுகட்டும். எதிரில் இருப்பவர் அசைவதை நிறுத்தாது. நான் எடுப்பதெல்லாம் மனிதர்களைத்தான் என்பதால், அந்த வசதியைவிட வேகமான ஷட்டரே எனக்கு முக்கியம்.

குறைகளும் உண்டு. துளையை முழுதாகத் திறந்தால் எவர்சில்வர் பாத்திரம், மூக்குத்தி போன்ற பளபளப்பான விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசியும், எஃப்/2.8-க்கு வந்தால் பெரிதும் அடங்கிவிடும். மிக அருகில் நின்று எஃப்/1.8-இல் முகத்தை எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழும். பூச்சி, நகை போன்ற சிறியவற்றை நெருங்கி எடுக்கக் கிட் லென்ஸே மேல். கபாலீசுவரர் கோபுரத்தைத் தெருவில் நின்றபடி முழுதாக எடுக்கவும் 18 மிமீ வேண்டும். ஆகவே கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் லென்ஸைத் துணிப் பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டிவைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சிறு மானி: இவ்வளவுதான் செலவு. மானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும் நல்லது.

பயன்படுத்திய லென்ஸை வாங்குவதில் தவறில்லை. பணம் கொடுக்கும் முன் இரு பக்க மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து கைப்பேசி விளக்கை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். நூலாம்படை போன்ற வெள்ளை இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சில தூசித் துகள்கள் மட்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அவை படத்தில் தெரிவதில்லை.